இண்டோர் – அவுட்டோர் தொடர்பு எரர்: இன்வெர்ட்டர் ஏர்கோன் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் செந்தூலிலிருந்து பட்டர்வொர்த் வரை, வீட்டுக்காரர்களும் ஏர்கோன் வேலைக்குப் புதிதாக வந்த தம்பிகளும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். இன்வெர்ட்டர் என்றால், கேஸை அழுத்தும் கம்பரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் ஏர்கோன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். முதல் ஆறேழு கேள்விகள் வீட்டுக்காரர்களுக்கு. மீட்டரைக் கையில் எடுக்கும் இடத்திலிருந்து வருபவை வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும்.

ஏர்கோன் நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. திடீர்னு விளக்கு மினுக்குது, ரிமோட்ல யூ4-னு வருது. அப்படின்னா என்ன?

வீட்டுக்குள் இருக்கும் இண்டோருக்கும் வெளியே இருக்கும் அவுட்டோருக்கும் தனித்தனியே ஒரு மின்னணு போர்டு உண்டு. அறை வெப்பம் என்ன, எவ்வளவு வேகத்தில் கம்பரசர் சுற்ற வேண்டும், வெளியே ஏதாவது கோளாறா என்று இரண்டும் ஒரு கம்பி வழியாக ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். இண்டோர் கேட்டு, குறிப்பிட்ட நேரத்துக்குள் அவுட்டோரிடமிருந்து பதில் வராவிட்டால் இண்டோர் இந்த எரரைப் போட்டு நின்றுவிடும்.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எரர் சொல்வது "பதில் வரவில்லை" என்பதை மட்டும்தான். ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது. அவுட்டோருக்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம், வழியில் கம்பி அறுந்திருக்கலாம், இரண்டு போர்டில் ஒன்று செத்திருக்கலாம். "யூ4-ஆ? அப்ப போர்டு போச்சு" என்று போனிலேயே விலை சொல்பவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

என்னோடது டைக்கின் இல்லை. என் பிராண்டுக்கு என்ன கோட்?

டைக்கினிலும் ஆக்சன் இன்வெர்ட்டரிலும் யூ4. பானசோனிக்கில் எச்11. எல்ஜியில் சி.எச்.05, சாம்சுங்கில் இ101 அல்லது சி101. மிடியாவில் இ1, புதிய மாடல்களில் இ.எல்.01. கிரீயில் இ6, ஹையரில் இ7. ஒரே பிராண்டிலும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் உங்கள் மாடலின் கையேட்டோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

டைக்கினில் யூ5 வந்தால் அது வேறு. சுவரில் மாட்டிய வயர் கன்ட்ரோலருக்கும் இண்டோருக்கும் இடையில் உள்ள கோளாறு அது. போன் ஆப்பில் "ஆஃப்லைன்" என்று வருவதும் இதில் சேராது. அது வீட்டு வைஃபை விஷயம்.

விளக்கு மட்டும்தான் மினுக்குது, நம்பர் எதுவும் காணோம். கோட் எப்படிப் பார்க்கிறது?

டைக்கின் ரிமோட்டில் டைமர் கேன்சல் பட்டனை 5 வினாடி அமுக்கிப் பிடியுங்கள். திரையில் 00 மினுக்கும். அதே பட்டனை ஒவ்வொரு தடவையாகத் தட்டிக்கொண்டே போனால் கோட் மாறிக்கொண்டே வரும். குட்டி பீப் வந்தால் அது இல்லை. நீளமான பீப் வரும் இடத்தில் நிறுத்துங்கள், அதுதான் கோட்.

பானசோனிக்கில் செக் என்ற சிறு துளைக்குள் பேனா முனையால் 5 வினாடி அழுத்திவிட்டு, டைமரின் மேல் – கீழ் அம்புகளால் ஒவ்வொரு கோடாக நகர்த்த வேண்டும். சரியான கோடுக்கு வந்ததும் இண்டோரில் பவர் விளக்கு எரிந்து பீப் அடிக்கும். அழிக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். ஆள் வரும்போது ஏர்கோன் தற்செயலாக ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

பழைய ஏர்கோன் பதினஞ்சு வருஷம் ஓடுச்சு, இந்த மாதிரி எரரே வந்ததில்லையே?

வந்திருக்கவும் முடியாது. இன்வெர்ட்டர் இல்லாத பழைய சுவர் ஏர்கோனில் பெரும்பாலும் அவுட்டோரில் போர்டே இருக்காது. கம்பரசர், மின்விசிறி, கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்), அவ்வளவுதான். இண்டோரில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒட்டினால் வெளியே கரண்ட் போகும், விலகினால் நிற்கும். பேச்சு என்ற ஒன்றே அங்கே கிடையாது.

இந்த வித்தியாசம்தான் பல வீடுகளில் புது ஏர்கோனுக்குத் தலைவலியாக வந்து நிற்கிறது. பழையதற்கு லைவ், நியூட்ரல், எர்த் என்று மூன்று கோர் வயர் போதும். இன்வெர்ட்டருக்கு அதோடு சிக்னல் கம்பியும் சேர்த்து நான்கு கோர் வேண்டும். சுவருக்குள் பைப்பும் வயரும் புதைத்திருக்கும் கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) "பழைய வயரே போதும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஏன் என்பதை வயர் வரிசை பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது. அப்படியே விட்டுடலாமா?

ஒரு தடவை வந்து, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வராவிட்டால் விட்டுவிடலாம். மின்வெட்டு வந்து போகும்போது ஒரு போர்டு முன்னாடியும் ஒன்று பின்னாடியும் விழித்து இப்படி ஆவதுண்டு. கரண்டை அறுக்கும்போது ரிமோட்டில் அல்ல, ஐசொலேட்டரிலோ (ஏர்கோனுக்கென்று உள்ள தனி மெயின் சுவிட்ச்) டிபி பெட்டியின் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) பிரேக்கரிலோ அறுங்கள். 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். அவுட்டோர் போர்டின் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்தால்தான் அந்த போர்டு உண்மையில் மறுபடி தொடங்கும். பத்து வினாடி அறுத்துப் போடுவதில் பிரயோசனமில்லை.

வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மூன்று நாளுக்கு ஒரு தடவை என்று இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் எங்கேயோ ஒரு இணைப்பு தளர்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கம்பி தளர்ந்தால் எரரோடு போய்விடும். பக்கத்திலேயே இருக்கும் பவர் கம்பி தளர்ந்திருந்தால் டெர்மினல் பிளாக்கே உருகிக் கருகும்.

ஆளைக் கூப்பிடுறதுக்கு முன்னால நானே என்னென்ன பார்க்கலாம்?

மூடியைக் கழற்றாமல் பார்க்கக்கூடியவை சில உண்டு. அவுட்டோருக்குத் தனி ஐசொலேட்டர் இருக்கிறதா, அது ஆனில் இருக்கிறதா? துணி காயப்போடும் இடத்தில் கைபட்டு ஆஃப் ஆகியிருப்பது நிறைய நடக்கிறது. டிபி பெட்டியில் ஏர்கோன் பிரேக்கர் விழுந்திருக்கிறதா? சில மாடல்களில் கரண்ட் முதலில் இண்டோருக்கு வந்து அங்கிருந்து வெளியே போகும். சிலவற்றில் நேராக அவுட்டோருக்கு வந்து உள்ளே வரும். இரண்டாவது வகையில் இண்டோரில் விளக்கே எரியாவிட்டால் பிரச்சினை எரர் அல்ல, கரண்ட்.

பிறகு எரர் எப்போது வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆன் செய்த உடனேயா, ஒன்றிரண்டு நிமிடத்திலா, பத்து நிமிடம் குளிர்ந்த பிறகா, மழைக்குப் பிறகா? வெளியே மின்விசிறி ஒரு தடவையாவது சுற்றியதா? வருகிற ஆளுக்கு இந்த ஐந்து வரி, மீட்டரைவிடச் சீக்கிரம் வழிகாட்டும். கொண்டோவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏர்கோன் திட்டில் ஏறிப் பார்க்க மட்டும் வேண்டாம்.

கேஸ் குறைஞ்சா இந்த எரர் வருமா? ஒருத்தர் கேஸ் அடிக்கணும்னு சொன்னார்.

வராது. கேஸ் குறைந்தால் குளிர்ச்சி குறையும், பைப்பில் ஐஸ் கட்டும், அதற்கென்று வேறு கோட் வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வேறு கோட்டை அவுட்டோர் சொல்லி இண்டோர் காட்ட வேண்டுமென்றால் இரண்டும் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவுட்டோர் சென்சார், அவுட்டோர் மின்விசிறி என்று எந்தக் கோட் வந்தாலும் அந்த நேரத்தில் தொடர்பு உயிரோடு இருந்தது என்று அர்த்தம்.

வயர்ல எது எங்க போகணும்? நிறம் மாறினா என்ன ஆகும்?

டெர்மினலில் 1, 2, 3 என்றோ, எல், என், எஸ் என்றோ, மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்றோ எழுதியிருக்கும். விதி ஒன்றுதான்: இங்கே 1-ல் இருக்கும் கம்பி அங்கேயும் 1, இங்கே 2 அங்கேயும் 2, இங்கே 3 அங்கேயும் 3. நிறத்தை நம்பாதீர்கள். நடுவில் ஜாயிண்ட் போட்டவர் நிறத்தை மாற்றியிருக்கலாம்.

"லைவ், நியூட்ரல் மாறினால் என்ன, ஏசி கரண்ட்தானே" என்ற பேச்சு இங்கே எடுபடாது. பெரும்பாலான மாடல்களில் சிக்னல் போவது ஒரு கம்பியில், திரும்பி வருவது பவர் கம்பிகளில் ஒன்றின் வழியாக, பல மாடல்களில் நியூட்ரல் வழியாக. லைவும் நியூட்ரலும் மாறினால் அவுட்டோருக்குக் கரண்ட் கிடைக்கும், விளக்கு எரியும், பேச்சு மட்டும் நடக்காது. சிக்னல் டெர்மினலில் லைவ் நேராகப் பாய்ந்தால் அந்தப் பகுதியின் ரெசிஸ்டரோ டயோடோ ஆப்டோகப்ளரோ (சிக்னலை ஒளியால் கடத்தும் சிறு பாகம்) போய்விடும். பிறகு வயரைச் சரியாக மாட்டினாலும் எரர் போகாது.

இப்போது மூன்று கோர் விஷயம். நான்காவது கம்பி இல்லாததால் பச்சை – மஞ்சள் எர்த் கம்பியைச் சிக்னலாக மாட்டிவிடுகிறார்கள். ஏர்கோன் ஓடும், குளிரும், யாருக்கும் தெரியாது. ஆனால் அவுட்டோரின் இரும்பு உடலுக்கு எர்த் இல்லை. கசிவு ஏற்பட்டால் உடலெல்லாம் கரண்ட். அதோடு, அடுத்து வரும் ஆள் அந்தப் பச்சைக் கம்பியை எர்த் என்று நினைத்துத் தொடுவார். அதில் இருப்பது மெயின் லைனோடு சேர்ந்த சிக்னல். இதைக் கண்டால் எரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புது நான்கு கோர் இழுப்பதுதான் வழி. வேறு சமாளிப்பு கிடையாது.

கெமிக்கல் வாஷ் பண்ணிட்டுப் போனாங்க. அன்னிக்கு சாயந்திரமே எரர். அவங்க போர்டைக் கெடுத்துட்டாங்களா?

இருக்கலாம். ஆனால் முதலில் எளிதானதைப் பாருங்கள். முழு ஓவர்ஹால் என்றால் இண்டோரைச் சுவரிலிருந்து இறக்கியிருப்பார்கள். அப்படியானால் இணைப்பு வயரைக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். மேலே சொன்ன 1-1, 2-2, 3-3 வரிசையைப் பாருங்கள். வயரின் பிளாஸ்டிக் உறையின் மேலேயே ஸ்க்ரூ கடித்து, செம்பு தொடாமல் நிற்பதுண்டு. மெல்லிய செம்பு இழைகளில் ஒன்று பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருப்பதுமுண்டு. ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் (பிரேக்கர் ஆஃபில் இருக்கும்போது).

அடுத்து ஈரம். போர்டுப் பெட்டிக்குள் சோப்புத் தண்ணீர் இறங்கியிருந்தால் கரண்டை அறுத்துவிட்டு, போர்டைக் கழற்றி, நன்றாக உலரவிட்டுப் பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு ஆன் செய்து சோதிப்பதுதான் பிழைத்திருக்கக்கூடிய போர்டைக் கொல்வது. வாஷ் செய்தவர்களையே முதலில் கூப்பிடுங்கள். வேறு ஆள் கைவைத்த பிறகு பொறுப்பை அவர்கள் தலையில் வைப்பது கஷ்டம்.

கன்டினியுட்டி பார்த்துட்டேன், மீட்டர் பீப் அடிக்குது. வயர் நல்லாத்தானே இருக்கு?

பீப் என்றால் கம்பி முழுதாக அறுபடவில்லை, அவ்வளவுதான். பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். அதனால் ஓம் அளவிலேயே பாருங்கள். இரண்டு முனையிலும் எல்லாக் கம்பிகளையும் கழற்றி, ஒரு முனையில் இரண்டைச் சேர்த்து முறுக்கி, மறு முனையில் அளக்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 1 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். 10 மீட்டர் ஓட்டத்தில் போய்த் திரும்ப 20 மீட்டர், அதாவது ஏறக்குறைய கால் ஓம். மீட்டரின் சொந்த வயரைக் கழித்த பிறகும் 2, 3 ஓம் காட்டினால், அதுவும் வயரை ஆட்டும்போது எண் மாறினால், நடுவில் ஜாயிண்ட் இருக்கிறது.

பிறகு இன்சுலேஷன். இரு முனையும் கழன்ற நிலையிலேயே ஒவ்வொரு கம்பிக்கும் மற்றதற்கும், எர்த்துக்கும் இடையில் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) பாருங்கள். நல்ல வயர் மெகா ஓம் கணக்கில் மேலே நிற்கும். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் தண்ணீரோ எலிக்கடியோ இருக்கிறது. போர்டில் மாட்டியபடியே மெகர் அடித்தால் போர்டு அங்கேயே முடிந்தது, மறந்துவிடாதீர்கள்.

இன்னும் சந்தேகமா? தற்காலிகமாக ஒரு புது நான்கு கோர் வயரை ஜன்னல் வழியே தரையில் போட்டு இரண்டு யூனிட்டையும் இணைத்துப் பாருங்கள். சிக்னல் கம்பியை மட்டும் மாற்றினால் போதாது, அது திரும்பிவரும் கம்பியையும் சேர்த்து மாற்றுங்கள். எரர் போய்விட்டால் குற்றவாளி சீலிங்குக்குள் இருக்கும் வயர்தான். போர்டின் விலையோடு பார்த்தால் 15 மீட்டர் வயர் ஒன்றுமேயில்லை.

சிக்னல் கம்பியில எத்தனை வோல்ட் இருக்கணும்?

எல்லாரும் கேட்பது ஒரே எண்ணை. அது கிடையாது. பிராண்டுக்குப் பிராண்ட் வேறு. மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கில் எஸ்2-க்கும் எஸ்3-க்கும் இடையே டிசி 12-க்கும் 24-க்கும் நடுவில் ஆடும். சில சீன மாடல்களில் 0-லிருந்து 50-ஐ ஒட்டி ஏறி இறங்கும். சிலவற்றில் பிளஸ், மைனஸ் இரு பக்கமும் மாறி மாறிப் போகும். எண்ணுக்குச் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். எண்ணைவிட முக்கியம் அது ஆடுகிறதா என்பது. இரண்டு போர்டும் மாறி மாறிப் பேசும்போது மீட்டரின் எண் ஓரிடத்தில் நிற்காது.

அளப்பதற்கு முதலில் லைவ் – நியூட்ரலுக்கு இடையே ஏசி பாருங்கள். மலேசியாவில் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட், மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு வரை போகலாம், அதாவது சுமார் 216 முதல் 253 வரை. அது சரியாக இருந்தால் மீட்டரை டிசிக்கு மாற்றி, சிக்னலுக்கும் அது திரும்பும் கம்பிக்கும் இடையே வையுங்கள். ஏர்கோன் ஆனில் இருக்க வேண்டும். எரர் விழுந்த பிறகு சில மாடல்கள் பேச்சை நிறுத்திவிடும், அல்லது அவுட்டோருக்கு உள்ள கரண்டையே அறுத்துவிடும். அதனால் பிரேக்கரை அறுத்துப் போட்டு, ஆன் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் அளவை எடுங்கள். பானசோனிக் எச்11 ஆன் செய்து ஒரு நிமிடம் தாண்டியதுமே விழக்கூடியது. நிதானமாக ஏணி ஏறுவதற்குள் நேரம் போய்விடும். ஒருவர் உள்ளே ரிமோட்டோடு, ஒருவர் வெளியே மீட்டரோடு நிற்பது நல்லது.

"24 வோல்ட்தானே" என்று சிக்னல் கம்பியைக் கையால் தொடாதீர்கள். பெரும்பாலான மாடல்களில் அது மெயினிலிருந்து பிரிக்கப்பட்டதல்ல. எர்த்தோடு ஒப்பிட்டால் அதில் உயிரை எடுக்கும் வோல்ட் இருக்கலாம். இந்த அளவுகளை எரிசக்தி ஆணையத்தில் பதிவுள்ள வயர்மேனோ பயிற்சி பெற்ற ஏர்கோன் ஆளோ எடுக்கட்டும்.

வோல்ட் ஆடலை, ஒரே எண்ணுல நிக்குது. எந்த போர்டு போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கரண்டை அறுத்து, சிக்னல் கம்பியை மட்டும் ஒரு முனையில் கழற்றி, டேப் சுற்றி விடுங்கள். மறுபடி கரண்ட் கொடுத்து இரு பக்க டெர்மினலையும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டில் ஒரு போர்டுதான் சிக்னலுக்கான டிசியை உற்பத்தி செய்யும். எந்தப் பக்கம் என்று மேனுவலில் இருக்கும், பல மாடல்களில் அது அவுட்டோர். கம்பி கழன்ற நிலையில் உற்பத்தி செய்ய வேண்டிய பக்கத்தில் டிசியே இல்லையென்றால் குறை அந்தப் பக்கம். அங்கே இருந்து, கம்பியை மாட்டியதும் சுழியத்துக்கு விழுந்தால் வயரோ மறு போர்டோ ஷார்ட். மாட்டிய பிறகும் முழு வோல்ட் அசையாமல் நின்றால் மறு பக்கம் கரண்டை இழுக்கவில்லை: வயர் அறுந்திருக்கிறது, இல்லை அந்த போர்டின் சிக்னல் பகுதி திறந்துபோயிருக்கிறது.

ஏசி அளவில் வைத்து, கழன்ற சிக்னல் கம்பியில் 60, 90 வோல்ட் என்று பார்த்துவிட்டு "லைவ் கசியுது" என்று பதறுபவர்கள் உண்டு. பக்கத்துக் கம்பியிலிருந்து தூண்டப்படும் பேய் வோல்ட் அது. உள்ளீட்டு மின்தடை குறைந்த வோல்ட் அளவு (LoZ) உள்ள மீட்டரில் பார்த்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அவுட்டோர் டெர்மினல்ல 230 இருக்கு. ஆனா போர்டுல எல்.இ.டி எரியவே இல்லை. வயரைத் துருவிப் பிரயோசனம் உண்டா?

இல்லை. இங்கே குறை பேச்சில் அல்ல, உயிரில். அவுட்டோர் போர்டு விழிக்காததால்தான் இண்டோருக்குப் பதில் இல்லை. "போர்டு மாற்று" என்று அவசரமாகத் தீர்ப்பு வருவதும் இந்த இடத்தில்தான். பாதி நேரம் அந்தத் தீர்ப்பு அரைகுறை. போர்டைக் கொன்றது எது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் சாகும்.

முதலில் எச்சரிக்கை: 230 வோல்ட் ஏசி திருத்தப்பட்டதும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி உட்கார்ந்திருக்கும். கரண்டை அறுத்து 10 நிமிடமாவது காத்திருந்து, மீட்டரால் இறங்கிவிட்டதை உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

பிறகு வரிசையாக வாருங்கள். ஃபியூஸ் போயிருக்கிறதா? போயிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றித் திரும்ப ஆன் செய்யாதீர்கள், அது சும்மா போவதில்லை. பிரிட்ஜ் டயோடையும் கம்பரசரை ஓட்டும் பவர் மாடியூலையும் டயோடு அளவில் பாருங்கள். கம்பரசருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ மூன்றுக்கும் பிளஸ், மைனஸ் இரண்டோடும் ஒரே மாதிரி எண் வர வேண்டும், ஒன்று சுழியம் என்றால் மாடியூல் ஷார்ட். அப்போது தொடக்க மின்னோட்டத்தைத் தடுக்கும் பி.டி.சி சூடாகித் தன்னை மூடிக்கொள்ளும், டிசி ஏறாது, எல்.இ.டி எரியாது, இண்டோரில் தொடர்பு எரர் விழும். கம்பரசரின் மூன்று சுருள்களும் சமமான ஓம் காட்டுகின்றனவா, உடலுக்குக் கசிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

325 டிசி இருந்தும் எல்.இ.டி எரியாவிட்டால் 15, 12, 5 வோல்ட் தரும் சிறு பவர் சப்ளையை யாரோ கீழே இழுக்கிறார்கள். சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் டிசி மின்விசிறி மோட்டார், அடுத்தது விரிவு வால்வின் (கேஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) சுருள். கரண்டை அறுத்து, டிசி இறங்கிய பிறகு மின்விசிறியின் சாக்கெட்டைக் கழற்றி மறுபடி ஆன் செய்யுங்கள். எல்.இ.டி மினுக்கத் தொடங்கி, இண்டோரில் தொடர்பு எரர் போய் மின்விசிறி எரர் வந்தால் போர்டு பிழைத்திருக்கிறது, மோட்டாரை மாற்றினால் போதும். டிசி மோட்டாரின் சாக்கெட்டைக் கரண்ட் இருக்கும்போது கழற்றவோ மாட்டவோ கூடாது. நல்ல மோட்டாரும் அந்த நொடியில் போய்விடும்.

டைக்கின் அவுட்டோரில் பச்சை எல்.இ.டி சீராக மினுக்கினால் அதன் மூளை விழித்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும்: ஓய்வு நேரத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த அவுட்டோரை அணைத்துவிடும் மாடல்கள் உண்டு. ஏர்கோன் ஆஃபில் இருக்கும்போது எல்.இ.டி எரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பத்து நிமிஷம் ஜில்லுனு குளிருது, அப்புறம்தான் எரர் வருது. வயர் அறுந்திருந்தா ஆரம்பத்துலயே வரணுமே?

சரியான யோசனை. தொடக்கத்தில் பேச்சு நடந்திருக்கிறது, சுமை ஏறியதும் நின்றிருக்கிறது. கம்பரசர் வேகம் பிடிக்கும்போது அவுட்டோர் டெர்மினலில் ஏசி வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். டிபி பெட்டியில் 235 இருக்க, அவுட்டோரில் 195-க்கு விழுந்தால் நடுவில் ஐசொலேட்டரிலோ ஜாயிண்டிலோ நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. போர்டு ஒரு கணம் தூங்கி விழிக்கும், அந்தக் கணத்தில் இண்டோர் கேட்டதற்குப் பதில் இருக்காது. ஐசொலேட்டர் மூடி தொட்டால் சுடுகிறதா என்பதே பாதி விடை.

வோல்ட் விழவில்லையென்றால் மின் இரைச்சல், அதாவது பக்கத்துக் கம்பிகளிலிருந்து வந்து சிக்னலைக் குழப்பும் அலைகள். இணைப்பு வயரின் மிச்சம் அவுட்டோருக்குப் பின்னால் சுருட்டிக் கட்டியிருந்தால் அவிழ்த்து வெட்டிச் சுருக்குங்கள். கம்பரசருக்குப் போகும் மூன்று கம்பியோடு சிக்னல் கம்பியை ஒரே டேப்பில் கட்டியிருந்தால் பிரியுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மழை பெஞ்சா மட்டும் எரர். வெயில் அடிச்சா தானா சரியாயிடுது.

வெளிச்சுவரில் ஜாயிண்ட் இருக்கிறது, அதற்குள் தண்ணீர் இறங்குகிறது. பைப்போடு சேர்த்துச் சுற்றியிருக்கும் வெள்ளை டேப் வெயிலில் பொடிந்த இடத்தைத் தேடுங்கள். தண்ணீர் வயர் வழியாகவே ஒழுகி டெர்மினலுக்கு வரும். வயர் உள்ளே நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஜாயிண்ட் தவிர்க்கவே முடியாவிட்டால் கூரையின் கீழ், தண்ணீர் புகாத பெட்டிக்குள், கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் நசுக்கி இணைத்து) வையுங்கள். முறுக்கிக் கறுப்பு டேப் ஒட்டுவது இந்த ஊர் மழைக்கு ஒரு பருவம் தாங்காது. மழையிலேயே போய் மெகர் வைத்துப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. காய்ந்த நாளில் எல்லாம் நல்லபடியாகவே காட்டும்.

பினாங்குல கடலைப் பார்த்த வீடு. மூணு வருஷத்துல ரெண்டு தடவை இதே எரர். என் வீட்டுக்கு மட்டும் ஏன்?

தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி பக்கம் உப்புக் காற்று. டெர்மினல் ஸ்க்ரூவில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும், அது செம்பின் துரு. கம்பி முனையை வெட்டி, புதுச் செம்பு வரும்வரை உறையை உரித்து, வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனைக்கு மாட்டும் உலோகத் துண்டு) போட்டு இறுக்குங்கள். உறைக்குள்ளும் கருத்திருந்தால் வயரையே மாற்றுங்கள். அவுட்டோரின் ஓரமூடி ஸ்க்ரூ எல்லாம் திரும்ப மாட்டியிருக்கிறதா? சர்வீசுக்கு வந்தவர் இரண்டை விட்டுவிட்டுப் போனால் உப்பு நேராக போர்டுக்குப் போகும்.

போர்டைத் திறந்தா செத்த பல்லி. அதாலயா?

அதால்தான். சூடும் பூச்சியும் தேடி வந்து, போர்டில் உள்ள பாகங்களின் இரண்டு கம்பிக் கால்களுக்கு நடுவே பாலம் போட்டுவிடும். எறும்பும் ரிலேக்குள் கூடு கட்டும். வயர் நுழையும் துளையை ஏர்கோன் பட்டியால் (களிமண் போன்ற அடைப்புப் பசை) அடையுங்கள். காற்றோட்டத்துக்கு வைத்த திறப்பை மட்டும் அடைக்காதீர்கள்.

இடி இடிச்ச மறுநாள்ல இருந்து எரர். எதைப் பார்க்கணும்?

ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாலைகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிக்குக் குறைவில்லை. இடிக்குப் பிறகு போர்டில் கருகிய கறுப்பு வட்டத்தையும் வெடித்த வேரிஸ்டரையும் (மிகை வோல்ட்டைத் தாங்கும் பாகம்) கண்ணால் தேடுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். சிக்னல் கம்பி வழியே அடி இரு போர்டுக்கும் போவதால் ஒன்றை மாற்றியும் எரர் நிற்காமல் இருப்பது இடி விழுந்த வீடுகளில் சாதாரணம். டிபி பெட்டியில் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மிகை வோல்ட்டைத் தடுக்கும் கருவி) போடுவது உதவும். ஆனால் எர்த் நன்றாக இருந்தால்தான் அதற்கு வேலை.

அவுட்டோர் போர்டு மாத்தியாச்சு. அப்பவும் அதே எரர். இப்ப என்ன செய்யுறது?

பணம் செலவான பிறகு வரும் கேள்வி. பழைய போர்டைத் தூக்கிப் போடும் முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, புது போர்டின் பாகம் எண் உங்கள் மாடலுக்கு உரியதுதானா? சில போர்டுகளில் ஹார்ஸ்பவரையும் மாடலையும் சொல்ல சிறு ஜம்பரோ நினைவுச் சில்லோ உண்டு, அதைப் பழையதிலிருந்து எடுத்து மாட்ட வேண்டும். பொருந்தாத ஜோடியை டைக்கின் யூஏ என்று காட்டும், யூ4 அல்ல. இரண்டு, எல்.இ.டி எரிகிறதா? எரியாவிட்டால் அவுட்டோரில் 230 இருந்தும் போர்டு விழிக்காத நிலைமைக்குச் சொன்ன வரிசைக்கே திரும்புங்கள். மூன்று, எரிந்தும் பேசவில்லையா? அப்போது சிக்னல் கம்பியைக் கழற்றி அளக்கும் சோதனையை இப்போதாவது செய்யுங்கள். பத்து நிமிட வேலை அது. பெரும்பாலும் இண்டோர் போர்டு அல்லது வயர் என்று முடியும்.

ஒரு அவுட்டோர், மூணு இண்டோர். ஒரு ரூமுக்கு மட்டும் எரர் வருது. மத்த ரெண்டும் ஓடுது.

மல்டி ஸ்ப்ளிட்டில் இது ஒரு வசதி. மற்ற இரண்டும் ஓடுவதால் அவுட்டோரின் உயிரும் மூளையும் சரி. கரண்டை அறுத்து, கோளாறு ரூமின் வயர்களை அவுட்டோரில் நல்ல ரூமின் டெர்மினலுக்கும், நல்லதை இதற்கும் மாற்றி மாட்டுங்கள். எரர் ரூமோடேயே இருந்தால் அந்த ரூமின் வயர் அல்லது இண்டோர். எரர் இன்னொரு ரூமுக்குத் தாவினால் அவுட்டோர் போர்டின் அந்த வாசல். சோதனை எரர் விழும்வரை மட்டும்தான். பைப் ஒரு ரூமுக்கும் வயர் இன்னொரு ரூமுக்குமாக இருக்கும் நிலையில் ஓடவிட்டால் குளிர் தவறான அறைக்குப் போகும், ஆன் செய்யாத இண்டோரில் ஐஸ் கட்டித் தண்ணீர் ஒழுகும்.

புது போர்டு விலை ரொம்ப ஜாஸ்தி. ஜாலான் பாசார் பக்கம் கொடுத்து ரிப்பேர் செய்யலாமா?

சிக்னல் பகுதி மட்டும் போயிருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆப்டோகப்ளர், ஒரு டயோடு, ஒன்றிரண்டு ரெசிஸ்டர், சில சமயம் ஒரு ஜீனர் டயோடு. எல்லாம் கோலாலம்பூர் ஜாலான் பாசார் உதிரிக் கடைகளில் கிடைக்கும் மலிவான பாகங்கள். ஆப்டோகப்ளரை மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், பேசுவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று. ஒன்று அடி வாங்கியிருந்தால் மற்றதும் அரை உயிரில் இருக்கும். பாகத்தின் கடைசி எழுத்துவரை பார்த்து வாங்குங்கள், அதில் வேகமும் பெருக்கமும் மாறும்.

பவர் மாடியூல் வெடித்து போர்டே கருகியிருந்தால் ரிப்பேருக்குப் பணம் போடாதீர்கள், கருகிய பலகை கரண்டைக் கசியவிடும். வாரண்டி இன்னும் இருந்தால் போர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், சால்டரிங் தடம் இருந்தால் கம்பெனி ஏற்காது. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது போர்டோடு எரர் கோட், எல்.இ.டி எரிந்ததா இல்லையா, சிக்னல் கம்பி கழன்ற நிலையில் எத்தனை வோல்ட் இருந்தது என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.